ஒரு பிணத்துக்கு ஒரு பிரேம்

தண்டையார்பேட்டை ஜெயவேலின் ஸ்டூடியோவுக்கு இரண்டு வகைக் கிராக்கி. பாஸ்போர்ட் சைஸுக்கு வந்து உட்காருகிறவர்கள் ஒரு வகை. போலீஸ் ஸ்டேஷன் கூப்பிட்டு எடுக்கச் சொல்லும் அநாதைப் பிணங்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகை, கண்ணை மூடிவிட்டேன் மறுபடி எடு என்று தகராறு செய்வதில்லை. அதனால் ஒரு பிணத்துக்கு ஒரு பிரேம், அதற்கு மேல் பிலிம் வீணாக்குவதில்லை என்று அவன் ஒரு சட்டம் வைத்திருந்தான்.

தொண்ணூற்றெட்டு ஆடியில் திருவொற்றியூர் கடலோரம், அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய பாறாங்கல் இடுக்கில் ஓர் உடம்பு ஒதுங்கியது. கல்லின் நிழலில் பிளாஷ் இல்லாமல் ஆகாது. பிளாஷின் முதுகில் அட்டவணை ஒன்று உண்டு. ஆள் தள்ளி இருந்தால் லென்ஸின் கண்ணைத் திற, கிட்டே வந்தால் சுருக்கு என்பது அதன் சாரம். நாற்றத்துக்குப் பயந்து ஜெயவேல் தள்ளி நின்று, அந்தத் தூரத்துக்குத் தக்கபடி திறந்து வைத்தான்.

"அங்க நின்னுகினு கடலையா எடுக்கற? மூஞ்சி தெரியணும்யா, கிட்ட போ" என்று ஏட்டு ராசையா முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

கிட்டே போனான். மூச்சைப் பிடித்து அமுக்கிவிட்டு ஓடி வந்தான். லென்ஸின் கண்ணைச் சுருக்காதது பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரிந்தது. நெகட்டிவில் முகம் இருந்த இடம் வெளிச்சம் கூடிக் கரிக்கட்டையாக இருந்தது.

இதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. வெளிச்சம் குறைந்துபோன பிலிம் காலி மூட்டை. தலைகீழாக உதறினாலும் ஒன்றும் விழாது. வெளிச்சம் கூடிப்போனது திணித்த மூட்டை. சரக்கு உள்ளேதான் இருக்கும். பிரிண்ட் போடும்போது காகிதத்துக்கு விளக்கைக் கூடுதல் நேரம் காட்டினால் மூக்கும் முழியும் வெளியே வந்துவிடும். இதெல்லாம் ஜெயவேலுக்கு அத்துப்படி. ஆனாலும் எல்லாப் பிணத்துக்கும் காட்டுகிற அதே நேரத்தைக் காட்டி, ஸ்டேஷனில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அந்தப் படத்தில் கல் தெரிந்தது, பாசி தெரிந்தது, சட்டைக் காலர் தெரிந்தது. முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர்.

ஆடி கழிந்து ஒரு மத்தியானம், ஸ்டேஷனில் கேட்டு வாங்கிய அந்தப் படத்தோடு ஒரு அம்மா படியேறி வந்தாள். வண்ணாரப்பேட்டை நடைபாதையில் எக்ஸ்போர்ட்டில் கழித்த துணி விற்கிற காத்தூன் பீவி.

"இத எடுத்தது நீதானா நைனா?"

"ஆமா. இன்னா விசயம்?"

"எம்புள்ள ரஷீது என்கூட சண்ட போட்டுகினு பூட்டான். முன்னியும் ஒரு தபா பம்பாய்க்கு ஓடிட்டு தானா வந்தவன்தான். காணோம்னு சொல்லப் போனா, ஸ்டேஷன்ல இத காட்னாங்க. எம்புள்ள இல்லன்னேன். சந்தோசத்துல போற வழில பாயாசத்துக்கு சேமியா வாங்கிகினு போனேன்."

"அப்ப நல்லதுதானம்மா."

"ராவெல்லாம் தூக்கம் வர்ல. இல்லன்னு சொன்னேனே, எத்தப் பாத்து சொன்னேன்? இதுல மூக்கே இல்லியே."

ஜெயவேல் படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தான். "உங்ககிட்ட காட்டினப்ப உடம்பு எங்க இருந்திச்சு?"

"ஆஸ்பத்திரில ஐஸ்ல கீதுன்னாங்க. உன்துது இல்லன்னா நீ எதுக்கு வரணும், போன்னு அனுப்பிட்டாங்க. அப்பால பொதச்சிட்டாங்களாம்."

அதாவது, அன்றைக்கு அவன் விளக்கை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருந்தால், பிள்ளையாக இருக்கும் பட்சத்தில் வீட்டுக்குத் தூக்கிப் போயிருப்பாள்.

"அவ்ளோதாம்மா" என்றான். "கேமரால விழுந்தது அவ்ளோதான்."

காத்தூன் பீவி அவன் முகத்தையே பார்த்தாள். "என் கடையாண்ட வந்து பாரு. மேல பரப்பி வெச்சிகீறது பூரா ஓட்ட ஒடசலு. நல்லது கீதான்னு கேட்டா நானும் இப்டித்தான், அந்தாண்ட பாத்துகினு அவ்ளோதாம்பேன். உள்ள இன்னா வெச்சிகீற?"

இல்லை என்று சாதித்துவிட்டால் அவளுக்குப் பம்பாய் நம்பிக்கை மிச்சம், தனக்கு மானம் மிச்சம். இரண்டு பக்கமும் லாபம் வருகிற வியாபாரத்தை ஜெயவேல் எப்போதும் நம்பியதில்லை.

"கீது" என்றான். "நெகட்டிவ்ல மூஞ்சி கீதும்மா. நான்தான் ஒழுங்கா பிரிண்ட் போடல. அன்னிக்கே போட்டிருக்கலாம்."

திட்டுவாள் என்று நின்றான். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்ப போடு" என்றாள்.

"இருட்டு ரூம்மா. கதவ சாத்தணும்."

"என் வயசுக்கு எவன் இன்னா பேசப்போறான். சாத்து."

சிவப்பு விளக்கில் இருவரும் நின்றார்கள். என்லார்ஜர் வெளிச்சத்தைக் காகிதத்தின் மேல் விட்டுவிட்டு ஜெயவேல் காத்திருந்தான். வழக்கமான நேரம் கடந்து, அதைப் போலப் பல மடங்கும் கடந்தது. பிறகு காகிதத்தை மருந்துத் தட்டில் நழுவவிட்டான்.

முதலில் கல் கறுத்தது. பாசி அதற்குள் போயிற்று. காலரும் இருட்டாகிக் கல்லோடு கலந்தது. சுற்றி இருந்ததெல்லாம் மறைய மறைய, நடுவில் இருந்த வெள்ளையில் ஒரு புருவம் வந்தது. பிறகு மூக்கு. அரும்பு மீசை. ஏதோ சொல்ல ஆரம்பித்ததுபோல் லேசாகத் திறந்த உதடு.

காத்தூன் பீவி தட்டின் மேல் குனிந்தாள்.

"இல்ல" என்றாள். "இது ரஷீது இல்ல."

அவள் விரல் மருந்துக்குள் இறங்கி அந்தக் கன்னத்தில் நின்றது.

"மருந்தும்மா, கைய வெக்காத."

அவள் எடுக்கவில்லை.

"நல்லா பாத்துட்டு சொல்லும்மா."

"இல்லன்னு சொல்றேன்ல." துணியைத் தடவிக்கொண்டே வேண்டாம் என்கிறவர்களின் குரல் அது. பிறகு கேட்டாள்: "இந்தப் புள்ளைய எங்க பொதச்சாங்க?"

"எர்ணாவூர் பக்கம்னாரு ஏட்டு. நான் போவல."

"மூஞ்சிய மக்கா பக்கமா, மேற்கால திருப்பி வெச்சாங்களா?"

ஜெயவேலுக்குத் தெரியாது. ராசையாவுக்கும் தெரிந்திருக்காது. "ஏட்டாண்ட கேக்கறேம்மா" என்றான்.

"ஏட்டு வாணாம்" என்றாள் காத்தூன் பீவி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "குழி வெட்டுனவன் யாருன்னு கேட்டு சொல்லு. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."