ஒரு வீட்டுக்கு ஒரு துணை மின்நிலையம்

மின்சார நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டு செய்த செலவையெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டுதான் செய்தது என்று எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. எம்.டி.யைத் தவிர அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கட்டண அக்கா. ஆண்டுக்கொரு முறை அவள் எழுதும் கட்டண மனு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகும். எது நியாயமான செலவு, எது கொழுப்பெடுத்துப் போய்ச் செய்த செலவு என்று ஆணையம் பிரித்துப் பார்த்து, நியாயமானதை மட்டும் வாடிக்கையாளர் பில்லில் ஏற்ற விடும். மிச்சத்தை முதலாளிகள் தங்கள் பையிலிருந்து போட வேண்டும். தங்களுக்குப் பை இருப்பதே அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

இந்த முறை மனுவில் இருந்த பெரிய செலவு, ஊருக்கு வெளியே கட்டிய துணை மின்நிலையம். அங்கே தொழிற்பேட்டை வரப்போகிறது என்று யாரோ எம்.டி.யின் காதில் ஓதியிருக்கிறார்கள். அவரும் ஆற அமர யோசிக்காமல் கட்டி முடித்துவிட்டார். தொழிற்பேட்டை வரவில்லை, ஆடுகள் வந்தன. ஒரு நகரத்துக்கே மின்சாரம் தரக்கூடிய டிரான்ஸ்பார்மர் யாருக்கும் எதுவும் தராமல் வேலிக்குள் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது.

பயன்பாட்டில் இல்லாத சொத்துக்கு வாடிக்கையாளரிடம் காசு கேட்கக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. எம்.டி. அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரம் ஆணையத்துலேருந்து நேர்ல பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள அது பயன்பாட்டுல இருக்கணும். இல்லன்னா உங்க நாற்காலியில வேற ஆள் உட்காருவாரு."

அதைச் சொல்லிக்கொண்டே காபியில் சர்க்கரையைக் கலக்கினார். அக்கா கணவரின் அச்சகம் போன வருடம் படுத்துவிட்டது. வீட்டுக் கடன், அரிசி, பருப்பு எல்லாம் இவள் சம்பளத்தில்தான் ஓடின.

துணைக்கு இருந்த பொறியாளனை ஷாக் என்று கூப்பிடுவார்கள். இரண்டு தடவை மின்சாரம் தாக்கியும் பிழைத்தவன் என்பதால் வந்த பேர். அவன் வரைபடத்தை விரித்துத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, லைன் இழுக்கிற தூரத்துல ஒரே ஒரு வீடுதான் இருக்கு."

"யாரு வீடு?"

"உங்க வீடு."

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊர்க்கோடியில் மனை வாங்கினால் இப்படித்தான். வாரம் முடிவதற்குள் நடுவில் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்து, கம்பம் நட்டு, கம்பி இழுத்து, அக்கா வீட்டைத் துணை மின்நிலையத்தோடு கோத்துவிட்டார்கள். "புதிய துணை மின்நிலையம் பயன்பாட்டில் உள்ளது" என்று அவள் மனுவில் எழுதினாள். அத்தனை ஆண்டுகளில் அவ்வளவு உண்மையான வாக்கியத்தை அவள் எழுதியதில்லை.

ஆணையத் தலைவி கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். நடக்கத் தயாராக வருகிற அதிகாரிகள் ஆபத்தானவர்கள்.

"பாருங்க மேடம், ஓடுது," என்று எம்.டி. மீட்டரைக் காட்டினார்.

"யாருக்கு ஓடுது?" என்று கேட்டுவிட்டு, தலைவி கம்பியை அண்ணாந்து பார்த்தபடி நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே சேற்றில் சப்பு சப்பென்று எம்.டி.யின் பளபளக்கும் காலணி. கம்பி நேராக அக்காவின் சமையலறையில் போய் முடிந்தது. அங்கே மிக்ஸி அலறியது, சலவை இயந்திரம் குலுங்கியது, இஸ்திரிப் பெட்டி சும்மா காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் அக்காவின் கணவர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"வாங்க வாங்க. உங்களுக்காகத்தான் எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கேன்."

தலைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த வீட்டைத் தவிர வேற யாருக்காவது இதுல லைன் இருக்கா?"

ஷாக் கூரையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல மேடம், இந்த அக்கா வீடு ஒண்ணுதான்," என்றான்.

"சரி. பயன்பாட்டுல இருக்குன்னு ஒத்துக்கிறேன்." எம்.டி.யின் முகம் மலர்ந்தது. "ஆனா ஒரே ஒருத்தருக்காகப் போட்டதுன்னா, செலவை அவங்ககிட்டதான் வசூல் பண்ணணும். மத்தவங்க தலையில கட்ட முடியாது. போன வருஷம் ஒரு கோழிப்பண்ணைக்காரர் லைன் கேட்டப்ப, இந்த விதிக்காக எங்ககிட்ட மூச்சு முட்ட வாதாடினதே இந்த அம்மாதான்."

வாதாடியது மட்டுமா, ஜெயித்தும் இருந்தாள். அன்றைக்கு எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்ததும் சேர்ந்து ஞாபகம் வந்து தொலைத்தது.

எம்.டி. கொஞ்சம்கூடக் கூசவில்லை. "விதின்னா விதிதான் மேடம். அவங்ககிட்டயே வசூல் பண்ணிக்கிறோம்."

கணவர் மிக்ஸியை நிறுத்தினார். "எவ்வளவு ஆகும் தம்பி?"

"இந்த ஏரியாவையே வாங்கிடலாம் மாமா," என்றான் ஷாக்.

தலைவி அக்காவைப் பார்த்தார். "பதிவுக்காகக் கேக்கிறேன்மா. இந்த லைனை நீங்க கேட்டு வாங்கினீங்களா?"

ஆமாம் என்றால் வீடு போகும். இல்லை என்றால் வேலை போகும். எம்.டி. அவளையே முறைத்தார். முதலில் பயம்தான் வந்தது. தன் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு தன்னை விற்கிறானே இந்த ஆள் என்று நினைத்ததும் கோபம் வந்தது. கோபம் வந்ததும் நாக்கும் வந்தது.

"நான் கேக்கல மேடம். எம்.டி. சொன்னாரு, இழுத்தோம். எங்களுக்குப் பழைய லைனே போதும். அந்த டிரான்ஸ்பார்மர் இங்க யாருக்கும் வேணாம். மேய வர்ற ஆட்டுக்குக்கூட வேணாம்."

ஆணையம் மொத்தச் செலவையும் வெட்டியது. முதலாளிகள் பையைத் தேடினார்கள். "ரொம்ப உழைச்சிட்டீங்க, ஓய்வெடுங்க," என்று எம்.டி. அக்காவை வீட்டுக்கு அனுப்பினார். ஒப்பந்தப்படி அதற்கு இழப்பீடு தர வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்கள். அதை வைத்து அவள் சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கும் தொழிலைத் தொடங்கினாள். வருமானம் பாதிதான், ஆனால் யாருடைய முட்டாள்தனத்துக்கும் அலங்காரம் செய்ய வேண்டியதில்லை.

பழக்கதோஷம் விடுமா? அடுத்த ஆண்டு ஆணையத்தின் உத்தரவு வந்து ஒரு மாதம் கழித்து அதைக் கைபேசியில் திறந்து படித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா?" என்றார் கணவர்.

"என்னை வேலையை விட்டு அனுப்பக் கொடுத்த பணத்தையும் மனுவில போட்டிருக்காங்க. ஒப்பந்தக் கடமை, நியாயமான செலவுன்னு ஆணையமும் ஒத்துக்கிச்சு. நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்."

"அப்போ அதை யாரு கட்டுறது?"

"வாடிக்கையாளருங்கதான். போன மாச பில்லுலேருந்தே ஏத்தியாச்சு."

கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அடக் கடவுளே," என்றார். "நேத்துதான் போய்க் கட்டிட்டு வந்தேன்."