வெடிக்காத நாலு டயர்

அன்று மழை பெய்ததா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடையின் தகரக் கூரையில் தண்ணீர் கொட்டும் சத்தம் என் நினைவில் இருக்கிறது. என் கணவரோ, நல்ல வெயில், காப்பிக்கடைக்காரன் மேசைகளை வெளியே இழுத்துப் போட்டிருந்தான் என்கிறார். அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். பூன் கியாட்டை நினைத்தாலே எனக்கு மழையும் சேர்ந்து வந்துவிடுகிறது. அது வேறொரு நாளின் மழை. அவன் பேசியதில்கூட ஓரிரு சொற்களை நான் மாற்றி வைத்திருக்கலாம். ஆனால் அவன் அதைச் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெந்தோங் என்ற மலையடிவார ஊரில் எங்கள் டயர் கடையை ஆரம்பித்தவர் அப்பா. ஞாயிறு விடிந்ததும் மலைப்பாதையில் வேகமாகக் கார் ஓட்டுகிறவர்கள் கூட்டமாக ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கி, எங்களுக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் பசியாறுவார்கள். உட்காருவதற்கு முன் ஒருவர் காரின் டயரை இன்னொருவர் உள்ளங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தி, இறுகிவிட்டதா, இன்னும் மிருதுவாக இருக்கிறதா என்று பார்ப்பார். கை குலுக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். என் தம்பி விங் ஹோ அந்தக் கூட்டத்தில் ஒருவன். சொந்தமாக நல்ல கார் இல்லாததால் பெரும்பாலும் பூன் கியாட்டின் பக்கத்து இருக்கையில் போவான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பூன் கியாட்டின் அப்பாவுக்கு மர வியாபாரம். ஊரில் அவர் பேச்சு எடுபடும்.

பூன் கியாட் டயர் எடுக்க வந்த நாளும் எனக்குத் தெரியும், நான் கல்லாவில் இருந்தேன். பந்தயத் திடலில் ஓட்டுகிற வகையைக் கேட்டான். தரையில் படும் முகத்தில் கோடுகளே அதிகம் இல்லாமல், காய்ந்த சாலையைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர். பார்க்க அழகுதான். அதற்காகவே இங்கே பலர் அதை மாட்டுவார்கள்.

"இது காஞ்ச ரோட்டுக்குத்தான்டா," என்றான் விங் ஹோ. "நம்ம மலையில மத்தியானம் ஆனா மழை. தண்ணிய வெளிய தள்ள கோடு வேணும். இல்லன்னா காரு மெதக்கும். அப்புறம் பிரேக்கும் கேக்காது, ஸ்டியரிங்கும் கேக்காது."

"எங்கம்மாகூட இவ்ளோ பயப்பட மாட்டாங்க. மாட்டு லா."

விங் ஹோ சிரித்துக்கொண்டே மாட்டினான். சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, மழையில் மலையிலிருந்து இறங்கும்போது இருவரும் இருந்த கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. பூன் கியாட்டுக்குத் தோள் எலும்பு முறிந்தது. விங் ஹோவை முகத்தை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

டயர் வெடித்துவிட்டது என்று பூன் கியாட் போலீசில் சொன்னான். பிறகு ஒவ்வொரு காப்பிக்கடை மேசையிலும் சொன்னான். சோங் கடையில், அதாவது எங்கள் கடையில், விற்றது பழைய சரக்கு, வெளியே பளபளப்பு, உள்ளே உளுத்துப்போனது என்று. ஊர் நம்பியது. அப்பா மாடியிலிருந்து இறங்கி வருவதை நிறுத்திவிட்டார். சோறு கொண்டுபோனால் தட்டைப் பார்க்காமல், "நெசமாவே பழைய சரக்கா முய்?" என்று என்னைக் கேட்பார். இல்லப்பா என்பேன். மறுநாளும் கேட்பார். மகன் செத்ததைப் பற்றி அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. இதை மட்டும்தான் கேட்டார்.

நொறுங்கிய காரைப் பழைய இரும்புக்காரனிடமிருந்து நான் வாங்கினேன். நாலு டயரிலும் காற்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. போலீஸ் நிலையத்துக்குப் போனேன். "அந்த கேஸ் முடிஞ்சு போச்சுக்கா, வீட்டுக்குப் போங்க," என்றார்கள். வந்து, நாலையும் சக்கரத்தோடு சங்கிலியில் கோத்துக் கடை முகப்பில் தொங்கவிட்டேன். எதுவும் எழுதி வைக்கவில்லை. காற்று தானாகக் குறையும்போது நிரப்புவேன். வெடித்த டயரில் காற்று நிற்காது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பூன் கியாட் தன் மர வியாபாரத்துக்குப் போக எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆறு வருடம் தாண்டிப் போனான். நான் கல்லாவில் உட்கார்ந்து அவன் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன். சாலையின் மறுபக்கம்தான் திரும்பும். எனக்கு அது போதவில்லை.

நான் சொல்ல வந்த அந்த ஞாயிறு அவனாகவே காரைக் கடைக்குள் விட்டான். மலைக்குப் போகும் கூட்டத்தின் கார் கிளப்புக்கு அவனைத் தலைவராக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் தொங்கும் டயரைக் காட்டி என்னவென்று விசாரிக்கிறார்கள் என்பதும் தெரியும்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"டயரா?" என்றேன்.

"நாலும் மாத்தணும். நம்ம கிளப்பு ஆளுங்க எல்லாரையும் இனிமே இங்கதான் அனுப்பலாம்னு இருக்கேன்." அவன் தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் மேலே காட்டினான். "அதெல்லாம் எடத்த அடைச்சிக்கிட்டு, எதுக்குக்கா இன்னும்?"

என் கணவர் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். வியாபாரம் படுத்துக் கிடந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளே போய் இரண்டு டயர்களை உருட்டிவந்து அவன் முன் நிறுத்தினேன். ஒன்று, அன்று அவன் எடுத்த அதே வகை. மற்றது ஆழமான கோடுகள் உள்ளது.

"எது வேணும்?"

அவன் குனிந்து நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்த்தான். பக்கத்துக் கடையிலிருந்து கிளப் ஆட்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். முன்னால் ரோஸித்தா. பள்ளி ஆசிரியை, சின்ன மஞ்சள் கார் வைத்துக்கொண்டு ஆண்களையெல்லாம் பின்னால் விடுகிறவள். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய காப்பி.

"தலைவரு கோடில்லாத சப்பை மூஞ்சியத்தான் எடுப்பாரு பாருங்க. ஸ்டைலு முக்கியமில்ல?"

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நிமிர்ந்து, கூட்டத்துக்குப் பாடம் எடுப்பவன் போல, "மலைக்கு அது ஆகாது ரோஸ். மழை வந்தா தண்ணிய வெளிய தள்ள கோடு வேணும். இல்லன்னா காரு மெதக்கும். பிரேக்கும் கேக்காது, ஸ்டியரிங்கும் கேக்காது," என்றான்.

என் தம்பியின் வாயிலிருந்து வந்த அதே சொற்கள். அவனுக்கே தெரியாமல் இத்தனை வருடம் அவனுக்குள் கிடந்திருக்கின்றன.

"ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

நான் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம். ரோஸித்தா தலைக்குமேல் தொங்கிய டயரை எட்டிக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"வெடிச்சிருச்சின்னு நீங்க சொன்ன டயரு இதானே? கல்லு மாதிரி நிக்குதே."

யாரும் சிரிக்கவில்லை.

"விங் ஹோ சொன்னான்," என்றான் பூன் கியாட்.

"எப்போ?"

"மாட்டறப்போ."

"நீ என்ன பண்ணுன?"

"நான்தான் கேக்கல."

"டயரு வெடிச்சுதா?"

இல்லையென்று தலையை அசைத்தான்.

"இவங்களுக்குக் கேக்கணும்."

"வெடிக்கல. வழுக்கிருச்சு." நான் கேட்காமலே, "பழைய சரக்கும் இல்ல," என்றான்.

ஆறு வருடம் இந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். வந்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. இன்னும் வேண்டும் போலிருந்தது. அவனை மேசை மேசையாக இழுத்துப்போய்ச் சொல்லவைக்க வேண்டும் போலிருந்தது. மாடிக்கு இழுத்துப்போகலாம் என்றால், அங்கே அப்பா இல்லை. முந்தின வருடமே கேள்வியோடு போய்விட்டார்.

"போதும் முய்," என்றார் என் கணவர்.

"எந்த டயரு?" என்று மறுபடி கேட்டேன். பூன் கியாட் கோடு போட்டதைக் காட்டினான். என் கணவரை விலகச் சொல்லிவிட்டு நானே மாட்டினேன். சக்கரத்து நட்டுகளை முடுக்கும்போது அந்த எண்ணம் வரத்தான் செய்தது. ஒன்றிரண்டைத் தளர்வாக விட்டால் போதும். கை தானாக நின்றது. பிறகு ஒவ்வொன்றாக முடுக்கினேன். முடித்து மறுபடியும் ஒரு சுற்று முடுக்கினேன். அவன் பள்ளத்தில் விழுந்து ஒரு நொடியில் முடிந்துபோவதை நான் விரும்பவில்லை. அவன் நெடுநாள் இருக்க வேண்டும். இந்த ஊரிலேயே, இவர்களுக்கு நடுவிலேயே.

கிளப் அந்த வருடம் ரோஸித்தாவைத் தலைவராக்கியது. இப்போது அவர்கள் எங்கள் கடையில்தான் டயர் எடுக்கிறார்கள். என் கணவர் முதுகுவலி வந்து கனமான வேலையை விட்டுவிட்டார், கணக்கு பார்க்கிறார். விங் ஹோவும் அப்பாவும் மலையடிவாரத்து இடுகாட்டில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். பூன் கியாட் மர வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறான், மலைக்குப் போவதில்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் வேறு டயர் கடை இருக்கிறது. ஆனாலும் தேய்ந்தால் என்னிடம்தான் வருகிறான். ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் மாட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறான். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.