மேல்வீட்டு மூச்சு

புகை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் ஓய்வதில்லை என்று ஏசி மெக்கானிக் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தான். புகை வந்தது அவன் வீட்டுக்குள் அல்ல, அவன் வீட்டுக்கு நேர் மேலே இருந்த அக்கா வீட்டுக்குள். அக்காவுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அவள் வாண்டு. மழைக்காலம் முடிந்ததிலிருந்து வாண்டுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் போதும், நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போல ஒரு சத்தம் கிளம்பும். விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வரும். அக்கா பம்ப் மருந்தை முகமூடியில் செருகி அவள் மூக்கில் வைத்து அழுத்துவாள். மச்சானுக்குக் கப்பலில் வேலை, எப்போதும் நடுக்கடலில் இருப்பார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட மெக்கானிக்கை விட்டால் ஆள் கிடையாது.

போன வாரம் டாக்டர் கேட்டார்.

“வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?”

“சத்தியமா இல்ல டாக்டர்” என்றாள் அக்கா. டாக்டரின் கண் மெக்கானிக்கின் மஞ்சள் பூத்த விரல்களுக்குப் போனது. அவன் கையை மடக்கிக்கொண்டான். அக்காவே முந்திக்கொண்டாள். “தம்பி பிடிப்பான். ஆனா குழந்தை முன்னாடி ஒரு நாளும் பிடிச்சதில்ல. அந்த விஷயத்துல அவன் தங்கம். ஆனா எங்கிருந்தோ வாடை மட்டும் வருது டாக்டர், திரைச்சீலை எல்லாம் நாறுது.”

“குழந்தைங்க நம்மளவிட வேகமா மூச்சு விடுவாங்கம்மா. நமக்கு வெறும் வாடை, அவளுக்கு அது உள்ள போய் உட்கார்ந்துக்கும். எங்கிருந்து வருதுன்னு பாருங்க. இல்லன்னா வீட்ட மாத்துங்க.”

அன்றிலிருந்து மெக்கானிக்குக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. அக்கா வீடு மாறிப்போனால் அவன் யாருக்காக வேலையிலிருந்து வீட்டுக்கு வருவான்? வாண்டுக்கும் மூச்சு வரவேண்டும், வாண்டும் மேலேயே இருக்கவேண்டும். அதற்குப் புகைக்காரன் அகப்பட்டாக வேண்டும்.

அக்கா அவனைத் தங்கம் என்றது பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்து வந்ததும் தன் வீட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்துவான். தானே பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவான். அதன் வாய்க்கு நேராக நின்று இரண்டு சிகரெட். புகை ஒரு இழை தவறாமல் வெளியே போகும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, வாய் கொப்பளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு மேலே போவான். மற்றவர்களைப் போல வீட்டுக்கு நடுவில் உட்கார்ந்து ஊதித்தள்ளுகிற ஜென்மமா அவன்? “காத்துதாங்க எனக்குச் சோறு போடுது. அது எங்க போகும் எங்க வரும்னு எனக்குத் தெரியாதா?” என்று போகிற வீடெல்லாம் பெருமை பேசுகிறவன் ஆயிற்றே.

அந்தப் பெருமையோடுதான் அக்கா வீட்டில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். தெருப்பக்கத்து ஜன்னல்களுக்கெல்லாம் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினான். வாசல் கதவுக்கு அடியில் ரப்பர் அடித்தான். வாண்டு பின்னாலேயே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். எல்லாம் அடைத்த பிறகு அவளுக்கு இழுப்பு இன்னும் கூடியது. அவனுக்கு மண்டை காய்ந்தது.

கடைசியில் சந்தேகம் கீழ்த்தளத்து டெய்லர் மேல் விழுந்தது. நேரே கடைக்குள் நுழைந்து சண்டைக்கு நின்றான்.

“உங்களால மேல ஒரு குழந்தை மூச்சு விட முடியாம கிடக்கு. கொஞ்சமாவது ஈரம் இருக்கா உங்களுக்கு?”

டெய்லர் மிஷினை நிறுத்தி, வாயைத் திறந்து நாக்கில் கிடந்த மிட்டாயைக் காட்டினார். “நான் விட்டு ரெண்டு வருஷமாச்சு தம்பி. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா புண்ணியமாப் போகும். உங்க சட்டைப் பையில இருக்கிற பாக்கெட்டைப் பாத்தா எனக்குத்தான் பழைய ஆசை வருது.”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. விறுவிறுவென்று மாடியேறி வந்தான். கோபம் அடங்க வேண்டாமா? பாத்ரூமுக்குள் போய், ஃபேனைப் போட்டு, ஒன்றைப் பற்றவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பொறுமையிழந்துவிட்டாள். ஊருக்கு அந்தப்பக்கம் ஒரு வீடு காலியாக இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். “நான் வர்ற வரைக்கும் இவளப் பாத்துக்கோ. ஓட விடாத.”

வாண்டு தரையில் குப்புறப் படுத்துக் கப்பல் வரைந்துகொண்டிருந்தாள். மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலைத் திறந்தான், மூடினான். அக்காவுக்கு அந்த வீடு பிடித்துப்போனால்? பிடிக்காமல் போக வேண்டும் என்று நினைப்பதே பாவம் என்று தோன்றியது. விரல்கள் தாமாகச் சட்டைப் பையைத் தடவின.

“வாண்டு, மாமா கீழ போய் ஸ்பேனர் எடுத்துட்டு ஓடி வந்துடறேன். எழுந்திருக்கக் கூடாது, சரியா?”

“சரி மாமா.”

ஸ்பேனராவது ஒன்றாவது. அவசரத்தில் வழக்கமான இரண்டை ஒன்றாக்கி, அதையும் பாதியில் நசுக்கிப் போட்டான். ஃபேனை அணைக்க மறந்து, கையை மட்டும் கழுவிவிட்டு மேலே ஓடினான்.

கப்பல் தரையில் கிடந்தது. வாண்டைக் காணோம். பாத்ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே கவிழ்த்த வாளியின் மேல் ஏறி நின்று, ஜன்னலின் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

“அடியே, விழுந்தா என்ன ஆகும்? என்ன பண்ற இங்க?”

“நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்தேன்.”

“இங்கிருந்து பாத்தா நான் எப்படித் தெரிவேன்?”

“தெரிய மாட்டீங்க. உங்க வாசனை வரும்.” இதுகூடத் தெரியாதா என்பது போல அவனைப் பார்த்தாள். “தினமும் சாயங்காலம் இங்க வந்து நிப்பேன். வாசனை வந்துச்சுன்னா மாமா வேலையிலேர்ந்து வந்துட்டாருன்னு அர்த்தம். அப்புறம் கொஞ்ச நேரத்துல நீங்க மேல வருவீங்க.”

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவனும் அந்த ஜன்னலில் முகத்தை வைத்தான். குப்பென்று அடித்தது அவனுடைய பிராண்ட். எல்லா பாத்ரூம் ஜன்னல்களும் திறக்கிற, கீழிருந்து மொட்டைமாடி வரை கிணறு போலப் போகிற டக்ட் அது. கீழே அவன் ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தான். உச்சியில் வானம் இல்லை, பிளாஸ்டிக் ஷீட் இருந்தது. மழைத்தண்ணீர் தெறிக்கிறது, புறா எச்சம் நாறுகிறது என்று அக்கா புலம்பியதற்காக, மழைக்காலத்தில் அவனே மொட்டைமாடி ஏறி, சுற்றிலும் சிலிக்கான் பூசி, ஒரு பொட்டுக் காற்றுகூடப் போகாதபடி அடைத்த ஷீட். அன்றைக்கு அக்கா மெச்சிக்கொண்டாள். கீழே இருந்து அவன் தள்ளிவிட்டதெல்லாம் மேலே போக வழியில்லாமல் இந்த ஜன்னலுக்குள் புகுந்துகொண்டிருந்தது. காற்றைப் படித்தவனாம். அவனுக்குத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தோளில் சாய்ந்திருந்த வாண்டு இருமினாள். விசில் கிளம்பிவிட்டது. பம்ப்பைத் தேடி எடுத்து முகமூடியை வைத்து அழுத்தினான். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் அவனையே நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

இழுப்பு கொஞ்சம் அடங்கும்போது அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் மலர்ந்திருந்தது. மகளைப் பார்த்ததும் வாடியது.

“மறுபடியுமா? போதும்டா சாமி. வீடு கிடைச்சிருச்சு. நல்ல காத்தோட்டம், சுத்திலும் வேற வீடே இல்ல. அடுத்த வாரம் போயிடலாம்.”

மெக்கானிக்குக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வாயைத் திறக்கவே தேவையில்லை. அவர்கள் போய்விடுவார்கள், குழந்தை பிழைத்துக்கொள்ளும், அவனும் தங்கமாகவே இருந்துவிடலாம். பிரிவை எப்படியோ பொறுத்துக்கொள்வான்.

“மாடியில தனியா ஒரு ரூம் இருக்கு” என்றாள் அக்கா. “உனக்குத்தான் கேட்டு வெச்சிருக்கேன். உன்ன இங்க விட்டுட்டு நான் எங்கடா போவேன்? அவரும் பக்கத்துல இல்ல. இவளுக்கு ஒண்ணுன்னா தம்பி ஓடி வருவான்னுதான் நான் கண்ண மூடித் தூங்கறேன்.”

சொல்லாமல் இருந்தால் புகையும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு போகும்.

“அக்கா, நான் வரல.”

“ஏன்?”

“வேற யாரும் இல்லக்கா. நான்தான்.” பாத்ரூம் பக்கம் கையைக் காட்டினான். ஃபேனைச் சொன்னான், ஷீட்டைச் சொன்னான், வாளியைச் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “டாக்டர்கிட்ட சத்தியம் பண்ணேனேடா. யாருமே இல்லன்னு சத்தியம் பண்ணேனே.”

“இன்னையோட விட்டுடறேன்க்கா.”

“போன வருஷமும் இதையேதான் சொன்ன.” அவள் கண் நிறைந்துவிட்டது. “இவ மூச்சு சரியாகற வரைக்கும் எங்க பக்கம் வராத. தயவுசெஞ்சு வராத.”

அவன் தலையாட்டினான். எழுந்து கதவு வரை போனான். யாரும் எதிர்பாராமல் வாண்டு முகமூடியைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

“அம்மா, மாமாவத் திட்டாத. மாமா வந்தா நான் மூச்சு விடாம இருந்துக்கறேன்.”

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. “இங்க பாரு” என்று சொல்லி, மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிக் காட்டினாள். மாமாவைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் இருமல் வந்துவிட்டது.