அறுத்த ஒயர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். என் வண்டிக்கு ஆயில் மாற்றப் போன பட்டறையில், மெக்கானிக் ஓர் ஒயரை அறுப்பதைப் பார்த்தேன். அடடா, கதை என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

2

‘புது லாரியின் வயிற்றுக்குள் பழைய எஞ்சின் இறங்கிய அன்று வானம்

(அடித்துவிட்டேன். ஓர் ஆளின் உயிர் ஊசலாடும்போது வானம் என்ன கேடு?)

நேராகவே சொல்கிறேன். லாரி, மெக்கானிக்குடைய தங்கை புருஷனுடையது; ஓட்டுவதும் அவன்தான். வாங்கி மூன்றே வருஷத்தில் எஞ்சின் ஜாம். வேறொரு லாரியில் இருபது வருஷம் உழைத்த எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். எஞ்சின் உட்காரும் தாங்கிகள் பொருந்தவில்லை, வெட்டி வெல்டிங் வைத்தாயிற்று. ஆனால் லாரியின் கம்ப்யூட்டர் கேட்டதற்கெல்லாம் பழைய எஞ்சினிடம் பதில் இல்லை. எச்சரிக்கை பஸ்ஸர் ஓயாமல் அலறியது.

“மச்சான், காதே போயிரும் போல. முதல்ல இத நிறுத்துங்க.”

“இருங்க மாப்ள.” மெக்கானிக் ஒயரை அறுத்தார். “சும்மா கத்துது. போயிட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்.”

(லாரி பிரேக் காற்றில்தான் பிடிக்கும்; அந்தக் காற்றை ஏற்றுவது எஞ்சின்தான். பழசு மெதுவாகத்தான் ஏற்றும். காற்று இறங்கினால் கத்தவேண்டியதும் அதே பஸ்ஸர். எனக்கு எப்படித் தெரியும்? என் அப்பா லாரி ஓட்டியவர்.)

3

இனி வருவது நானாக எழுதுவது. அந்தப் பட்டறைப் பக்கம் பிறகு நான் போகவே இல்லை.

மெக்கானிக்கை முட்டாளாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மனுஷன் கெட்டிக்காரர். மறுநாள் காலை டீயை வாயருகே கொண்டுபோனவருக்கு, அந்த பஸ்ஸர் பிரேக்குக்கும்தான் என்பது சட்டென்று உறைத்தது. டம்ளரை வைத்துவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாதென்று மாப்பிள்ளையிடம் சத்தியம் வாங்கியவரே அவர்தான்.

தங்கை வாசலில் வந்து நின்றாள். “காலங்காத்தால யாருக்குண்ணா இத்தன தடவ அடிக்கிற?”

“ஒண்ணுமில்லம்மா, உன் வீட்டுக்கா

4

முடிவு ஒன்று: பிரேக் பிடிக்கவில்லை; நல்லவேளையாக எதிரே ஒரு மேடு வந்தது, லாரி தானாக நின்றது. (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இரண்டு: மூன்றாவது வளைவில் அவன் பிரேக்கை மிதித்தான். மறுபடி மிதித்

(மாட்டேன்.)

5

ஒன்றை மறைத்துவிட்டேன். அன்று பட்டறையிலிருந்து கிளம்புமுன் அந்த மாப்பிள்ளை என்னிடம் பேசினான். “நாளைக்குப் பூரா மலை இறக்கம் சார். லோடு வேற ஜாஸ்தி.”

நோட்டை மூடினேன். “பாத்துப் போங்க,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், பாவி.

அந்தத் தங்கை இன்னும் வாசலில்தான் நிற்கிறாள், அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு. அவளுக்குப் பதில் வேண்டும். நான் ஏற்கெனவே ஒருமுறை வாயை மூடிக்கொண்டவன். நீங்கள் சொல்லுங்கள்.