மேடம் வீட்டுப் பையன் படித்த காலேஜ்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பிரேமலதாவுக்கு வங்கிக்குப் போகவே கால் வராது. ஸ்ரீரங்கம் கிளையில் கல்விக் கடன் மேசை அவளுடையது. ஒரு பக்கம் கடன் கேட்டு வருகிற அப்பாக்கள்; இன்னொரு பக்கம், முன்பு வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட முடியாமல் வருகிற அப்பாக்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. காலேஜ்காரர்கள் வழவழப்பான தாளில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கட்டும். அவகாசம் கேட்டு வருகிற பிள்ளைகள் நீட்டும் சம்பளச் சீட்டு வேறு கதை சொல்லும்.

அன்றைக்கு வந்தவர் காத்தமுத்து, மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். பக்கத்தில் மகள் தமிழ்மணி, பிளஸ் டூவில் ஐந்நூற்று நாற்பது. விண்ணப்பத்தில் இருந்த காலேஜ் பெயரைப் பிரேமலதா இரண்டு தடவை படித்தாள். பைபாஸ் ரோட்டில் கண்ணாடி மாளிகையாக நிற்கிற காலேஜ். நாலு வருஷத்துக்கு ஏழே கால் லட்சம். அதில் ஆறு லட்சம் கடன்.

"இதைவிடக் கம்மியா ஒண்ணும் பாக்கலையாங்க?"

"பாத்தோம் மேடம். டவுனுக்குள்ள ஒரு காலேஜ்ல பி.எஸ்ஸி கம்ப்யூட்டர், மூணு வருஷத்துக்கும் சேத்தே ஒன்றரை லட்சம்தான். ஆனா இங்க படிச்சா மாசம் அம்பதாயிரம் சம்பளமாம். புக்குலயே போட்டிருக்கு."

அவள் பார்த்த வரையில் இரண்டு காலேஜ் பிள்ளைகளுக்கும் முதல் சம்பளம் பதினைந்து, பதினாறாயிரம்தான். கண்ணாடிக் காலேஜுக்கு மாதத் தவணை பன்னிரண்டாயிரம். டவுன் காலேஜுக்கு மூவாயிரத்துச் சொச்சம். இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அந்தக் கண்ணாடிக் காலேஜ் விண்ணப்பங்களால்தான் கிளையின் கடன் இலக்கே நிறைகிறது. மேனேஜர் ஆசீர் இரண்டு மேசை தள்ளித்தான் நின்றிருந்தார்.

"நல்லா யோசிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

பேனாவைத் திறந்த காத்தமுத்து தயங்கினார். "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். உங்க பிள்ளைய எங்க படிக்க வச்சீங்க?"

இப்படி யாராவது கேட்டால் போதுமென்றுதான் அவள் இருந்தாள். "அதே காலேஜ்லதாங்க" என்றாள். குரலில் இருக்கிற கசப்பு மிச்சத்தைச் சொல்லிவிடும் என்று நம்பினாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா தமிழு! பேங்க் மேடமே அங்கதான் சேத்திருக்காங்க. விவரம் தெரிஞ்சவங்க சும்மா சேப்பாங்களா?"

முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பிரேமலதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மகன் பீமராவ் சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்று இரண்டு வருஷமாகக் கிளை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஆசீர் சார் அதற்கு ஸ்வீட்கூடச் சாப்பிட்டாயிற்று. இப்போது வாயை மூடிக்கொண்டால் மானம் மிஞ்சும். இந்த மானத்தை வைத்துக்கொண்டு என்னத்தைச் செய்வது என்று வெறுத்துப் போனது அவளுக்கு.

விண்ணப்பத்தின் மேல் கையை வைத்தாள். "என் பையன் சென்னையில கொரியர் குடோன்ல வேலை பாக்குறான். பதினாலாயிரம் சம்பளம். அவன் கடனை நான்தாங்க கட்டுறேன். இன்னும் அஞ்சு வருஷம் கட்டணும்."

ஆசீர் திரும்பிப் பார்த்தார். பிரேமலதா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. டவுன் காலேஜுக்கு ஆகிற தவணையையும் இதற்கு ஆகிறதையும் ஒரு தாளில் எழுதி, காத்தமுத்து பக்கம் நகர்த்தினாள்.

அவர் இரண்டு தொகையின் மேலும் விரலை ஓட்டினார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "அப்ப டவுன் காலேஜே போதும் மேடம்."

தமிழ்மணியின் கண் நிறைந்துவிட்டது.

"நான் நல்லா படிப்பேன் மேடம்" என்றாள்.

"அவனும் நல்லாத்தாம்மா படிச்சான்."