கோழிக்கல் வளைவு

யோருன் ஒரு கரண்டி புளூபெர்ரி சாற்றை அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனபோது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கோழிக்கல் எந்தக் கைப்பக்கம் இருக்கும்?" என்று கேட்டார்.

மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாத மனுஷன். இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெற்ற மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வாய் திறந்ததும் ஒரு கல்லைப் பற்றியா கேட்பது என்று அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் அழுகையாகிவிட்டது.

"மேல ஏறும்போது இடது பக்கம்ப்பா. அதுக்கும் கீழதான் ஏரி."

"எனக்கு வலது பக்கம் இருந்துச்சு," என்றார் ஹால்வர். "வலது தோளைச் சாச்சுதானே நின்னு காப்பி குடிச்சேன். தப்பா நட்டுட்டேன் யோருன். எல்லாக் கம்பையும் தப்பா நட்டுட்டேன்."

நர்ஸ் அவள் தோளைத் தொட்டு, மருந்து அப்படித்தான் பேசவைக்கும், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றாள். ஆனால் அவள் ஹால்வரின் மகள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கணவாயின் உச்சிக்குக் கீழே, பனியாறு என்றோ சுமந்து வந்து போட்டுவிட்டுப் போன பாறை அது. அடைகாக்கும் கோழி மாதிரியே உட்கார்ந்திருக்கும். குதிரை வண்டிக் காலத்துப் பாதை கோழிக்கும் ஏரிக்கும் நடுவே போனது. ஹால்வருக்குப் பத்தொன்பது வயதானபோது மலையை வெடிவைத்து உடைத்து, சாலையைக் கோழிக்கு மேலே இருந்த சரிவுக்கு ஏற்றினார்கள்; கோழி இப்போது சாலைக்கும் ஏரிக்கும் நடுவே. அந்த வேலையில் அவரும் இருந்தார். பிறகு நாற்பத்தோரு வருடம் அந்தச் சாலையில் பனி அள்ளினார். ஒவ்வொரு அக்டோபரிலும் முதல் பனி விழுமுன் சாலையின் விளிம்பு நெடுக உயரமான மூங்கில் கம்புகளை நட்டுவைப்பார்கள். மே மாதம் மூன்று ஆள் உயரப் பனிக்கு அடியில் சாலை எங்கே கிடக்கிறது என்பதை அந்தக் கம்புகள்தான் சொல்லும். வண்டிக்குள் வழிகாட்டும் திரையெல்லாம் வந்துவிட்டது; ஆனாலும் காற்று சுழற்றியடித்தால் எல்லோரும் கம்பைத்தான் பார்ப்பார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் கம்பு நட அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். போன அக்டோபரில் கண் மறைக்கும் மூடுபனி. கோழிக்கல் வளைவை அவரிடம் விட்டிருந்தார்கள். கால்கள் சின்ன வயதுப் பாதையிலேயே நடந்துவிட்டன போலிருக்கிறது. அந்தக் கம்புகளை நம்பி வந்தால் வண்டி நேராக ஏரிக்குள் இறங்கும். மே மாதத்துப் பனிக்கட்டி ஒரு ஆளைத் தாங்கும். இருபது டன் வண்டியைத் தாங்காது.

பனி அள்ளும் குழுவின் தலைவர் ஓஸ்முண்டை யோருன் போனில் ஐந்து முறை கூப்பிட்டாள். இது மே மாதம், மேலே பனி அள்ளும் வேலை நடந்துகொண்டிருந்தது; பனிச் சுவர்களுக்கு நடுவே சிக்னல் கிடைக்காது. சாலை அலுவலகத்தில் ஒரு பெண் மிகப் பணிவாக, குறித்துக்கொண்டேன் என்றாள். குறித்துக்கொண்டதன் லட்சணம் யோருனுக்குத் தெரியும். மேலே போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். அப்பாவின் மூச்சோ நின்று நின்று வந்துகொண்டிருந்தது. திரும்பி வரும்போது அவர் இல்லாவிட்டால்? பையை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"போயிட்டு வா," என்றார் ஹால்வர். "நான் எங்கயும் போகமாட்டேன்."

மூடிய சாலையின் தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் பனிச்சறுக்குக் கும்பல் ஒன்று சட்டையைக் கழற்றிப் போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் கட்டையைத் தானே தூக்கிவிட்டு உள்ளே போனாள். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். வளைவுக்குச் சற்று முன்னால் பனி அள்ளும் வண்டி நின்றிருந்தது. அதன் படியில் உட்கார்ந்து ஓஸ்முண்ட் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தார். அவள் மூச்சிரைக்கச் சொல்லி முடிக்கும்வரை அவர் வாயிலிருந்ததை விழுங்கவில்லை.

"அது அடுத்த நாளே தெரிஞ்சுபோச்சு கண்ணு," என்றார். "நானே போயி இருபத்திமூணு கம்பையும் பிடுங்கி, ரோட்டோரமா நட்டுட்டு வந்துட்டேன்."

"அவர்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயா இருந்தா சொல்லியிருப்பியா?"

ஓஸ்முண்ட் ரொட்டியைத் தாளில் மடித்துப் பையில் வைத்தார். பனியை அள்ளியதும் உன் அப்பாவின் கம்புக்குப் பக்கத்திலேயே ரோட்டுத் தார் தெரிந்தது என்று நான் சொன்னதாகச் சொல், பொய் என்றாலும் பரவாயில்லை என்றார்.

வழி நெடுக அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாள். அப்பா இருந்தார். கண் மூடியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கம்புக்குப் பக்கத்துலயே தார் தெரிஞ்சுதாம்ப்பா. ஓஸ்முண்ட் சொல்லச் சொன்னார்," என்றாள்.

ஹால்வர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். ஆறு வயதில் உடைத்த ஜன்னலிலிருந்து இன்றுவரை அவள் சொன்ன ஒரு பொய்யும் அவரிடம் செல்லுபடியானதில்லை.

"எத்தனை பிடுங்கினான்?"

அவள் தலை தாழ்ந்தது. "இருபத்திமூணு."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலப்பா. அடுத்த நாளே மாத்திட்டாங்க."

அவர் உடம்பு மொத்தமும் கட்டிலில் தளர்ந்தது. அந்தக் கவலையைச் சுமந்துகொண்டுதான் மூன்று நாளாகப் பேசாமல் கிடந்திருக்கிறார்.

"இருபத்திநாலு நட்டேன்," என்றார். "ஓஸ்முண்டுக்கு எண்ணவே வராது. எந்தக் காலத்துல வந்துச்சு."

குழம்பிவிட்டார் என்று எண்ணி, அவள் சரி சரி என்றாள். பிறகு அவர் இரண்டு கரண்டி சாறு குடித்தார். அன்று மாலை ஏழரைக்கு, ஜன்னலுக்கு வெளியே கணவாயின் மேல் வெயில் இன்னும் இருந்தபோதே, அடுத்த மூச்சு வரவில்லை. யோருன் அந்தக் கையை வெகுநேரம் விடவில்லை.

வியாழக்கிழமை அடக்கம் செய்தார்கள். சனிக்கிழமை கணவாய் திறந்தது. திறக்கும் நாளில் முதல் வண்டி குழுவிலேயே மூத்தவருடையது. பதினெட்டு வருடமாக அது ஹால்வரின் நீலக் கார். இந்த வருடம் அந்தக் காரை அவள்தான் ஓட்ட வேண்டும் என்று ஓஸ்முண்ட் ஒரே பிடியாக நின்றார். அவளுக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் சைக்கிள் கட்டிய கார்கள், பனிச்சறுக்குப் பலகை கட்டிய கார்கள், உள்ளேயே தங்கிக்கொள்ளும் கூண்டு வண்டிகள் என்று பள்ளத்தாக்கு வரை வரிசை.

கோழிக்கல் வளைவில் காற்று எப்போதும் பனியை வழித்துக்கொண்டு போய்விடும். சுவர் அங்கே இடுப்பளவுதான். ஏரி வெள்ளையாக விரிந்து கிடந்தது. யோருன் தற்செயலாகத்தான் இடது பக்கம் பார்த்தாள். உடனே காரை நிறுத்தினாள்.

கோழிக்கு அந்தப் பக்கம், காற்று வழித்த பனியெல்லாம் குவியும் ஏரியின் ஓரத்தில், பனிக்கு மேலே ஒரு முழம் மூங்கில் நுனி நின்றது. அதில் சுற்றிய சிவப்புப் பட்டை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

பின்னால் மொத்த வரிசையும் நின்றுவிட்டது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஓஸ்முண்ட் இறங்கி வந்து அவள் ஜன்னலருகே நின்று, அவள் பார்த்த திசையில் பார்த்தார். எண்ணுவதுபோல் அவர் உதடுகள் மெல்ல அசைந்தன, விரல்களும் மடங்கின.

"போயி எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்.

"வேண்டாம்," என்றாள் யோருன். "பனிக்கட்டி தாங்காது."

ஒரு ஆளைத் தாங்கும் என்று தெரிந்தும் அவர் தலையாட்டிவிட்டுத் தன் வண்டிக்குப் போனார். அவள் கியரைப் போட்டு, கோழிக்கல்லை இடது கைப்பக்கம் விட்டு, மேலே ஏறினாள்.