வெக்கை போகும் பக்கம்

கூடத்துச் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட் முப்பத்திரண்டு டிகிரி காட்டியது. ஏசி மெக்கானிக் ஜெரோம் ஏணிமேல் நின்று கூரையிலிருந்த பெரிய கிரில்லைக் கழற்றிக்கொண்டிருந்தான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே கட்டிய வீடு. அறைக்கு ஒரு ஏசி என்ற பேச்சே கிடையாது. வீடு முழுவதற்கும் ஒரே மெஷின்தான். காலையிலிருந்து வேறு இரண்டு வீடுகளை முடித்துவிட்டு இங்கே வந்திருந்தான். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

"ஏனுங்க, வெறும் காத்துத்தான் வருது. பில்டர்ல ஏதாச்சும் அடைப்புங்களா?" என்று வீட்டுக்காரி பிரவீனா கீழே நின்று கேட்டாள்.

"பில்டர் சுத்தமா இருக்குதுங்க. இந்தக் கிரில் வழியாத்தான் ஊட்டுக் காத்தை உள்ள இழுக்குது. அது மேல இருக்கற கூலிங் காயிலு மேல பட்டுக் குளுந்து, டக்ட்டுக் குழாய் வழியா ரூமுரூமாத் திரும்பி வருது. சுத்திச்சுத்தி அதே காத்துதானுங்க. அதுல இருக்கற சூட்டை மட்டும் பைப்பு வழியா வெளிய கொண்டுபோயி, பின்னால இருக்கற மெஷின் ஊதித் தள்ளிப்போடும். அதுதான் நின்னுபோச்சாட்ட இருக்குது. பாத்துட்டு வாரேனுங்க."

பின்பக்கம் வெளிமெஷின் ஆளுயரத்துக்கு நின்றது. அதன் விசிறிக்கு நேரே, நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடும் தூரத்தில், காவல்காரர் ஐயாசாமியும் அவர் மனைவி சின்னத்தாயியும் இருக்கும் ஒற்றை அறை. தகரக் கூரை, ஒரே ஜன்னல். மெஷினைச் சுற்றி வந்த ஜெரோம் அப்படியே நின்றான். விசிறிக் கம்பியின்மேல் நனைந்த கோணிச்சாக்கு ஒன்று மடித்துக் கட்டியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஐயாசாமி அறைவாசலுக்கு வந்தார். கண்கள் இரண்டும் மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தன.

"நாந்தானுங்க கட்டுனேன். முன்னால பல்லடத்துல கோழிப்பண்ணையில இருந்தேன். அங்க கோடையானா கொட்டகையைச் சுத்தி ஈரச்சாக்குக் கட்டித் தொங்கவுடுவோமுங்க. காத்து அதுல பூந்து வந்தாக் கோழி சாகாது. இங்கியும் அப்படி வருமுன்னு நெனச்சுப்போட்டேன். மொதல்ல சில்லுன்னுதானுங்க வந்துச்சு."

"சூடு வெளிய போக வழியில்லீங்கண்ணா. மெஷின் கொதிச்சுப்போயி அதுவா நின்னுக்கிச்சு."

"ராத்திரி கண்ணசர முடியாது, தோப்புக்கு யானை வருதுங்க. பகல்ல படுக்கலாமுன்னா இந்த வெக்கை நேரா மூஞ்சியில அடிக்குது. போன வாரம் மரத்துல சாஞ்சவன் அசந்துட்டேன். யானை பூந்து தென்னம்பிள்ளையெல்லாம் மிதிச்சுப்போட்டுது. இன்னொருக்காத் தூங்குனா வேற எடம் பாத்துக்கன்னு ஊட்டுப் பெரியவரு சொல்லிப்போட்டாருங்க."

சின்னத்தாயி உள்ளிருந்தே பேசினாள். "சாக்கைப் பத்தி அம்மணிகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. வேலை போனா இந்த ரூமும் போயிரும். நாங்க எங்க போயி ஒண்டறது?"

ஜெரோம் சாக்கை அவிழ்த்துச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான். விசிறி முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. அனல் அவன் விலாவை உரசிக்கொண்டு ஜன்னலுக்குள் போனது. உள்ளே கொடியில் கிடந்த சேலை தூக்கித் தூக்கி அடித்தது. இதற்கெதிரே படுத்து ஒரு மனிதன் எப்படித் தூங்குவான் என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. மெஷினை இந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனது அவனுடைய கம்பெனி ஆட்கள்தான்.

சாக்கைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. "தூசி அடைச்சிருந்துச்சுங்க, சரி பண்ணிட்டேன்" என்று பிரவீனாவிடம் சொன்னான். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"ஆனா மெஷின் இருக்கற எடம் சரியில்லீங்க. சூடு பூராவும் காவக்காரரு ரூமு ஜன்னலுக்குள்ள போகுது. பகல்ல தூங்கற மனுசன். மொட்டமாடிக்கு மாத்திப்போட்டா நல்லதுங்க."

"மாடி பூராவும் சோலார் போட்டாச்சே. எடமில்லீங்களே" என்றவள் பின்பக்கம் வந்து பார்த்தாள். அனல் அடித்ததும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். "அட பாவமே. ஏன் ஐயாசாமி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" மெய்யாகவே அவளுக்குச் சங்கடமாக இருந்தது. சற்று யோசித்துவிட்டு ஜெரோமிடம் திரும்பினாள். "அந்த ஜன்னலை அடைச்சுட்டா வெக்கை உள்ள வராதில்லீங்க?"

"ஜன்னல் அது ஒண்ணுதானுங்க இருக்குது."

"கதவு இருக்குதில்லீங்க. ஐயாசாமி, காம்பவுண்டுக்கு வாங்குன கல்லு மிச்சம் கெடக்குது, சிமெண்ட்டும் இருக்குது. நீயே கட்டிப்போடு. இன்னிக்கிருந்து நிம்மதியாத் தூங்கலாம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனது.

"சரிங்க அம்மணி" என்றார் ஐயாசாமி.

வீடு குளிரும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். ஜெரோம் கூடத்தில் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எண் மெல்ல மெல்ல இறங்கியது. முதுகில் ஒட்டியிருந்த சட்டை காய்ந்தது. பிரவீனா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பின்பக்கமிருந்து சிமெண்ட் பூசும் கரணை கல்லில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருபத்து நாலைத் தொட்டதும் பையை எடுத்துக்கொண்டு பின்வழியாக வந்தான். ஐயாசாமி அனலுக்கு முதுகைக் கொடுத்து நின்று கட்டிக்கொண்டிருந்தார். பனியன் பிழிந்தெடுத்தது போல நனைந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு கல் வைக்கும் இடம்தான் பாக்கி.

"நான் நல்லதுன்னு நெனச்சுச் சொன்னேனுங்கண்ணா."

"தெரியுங்க தம்பி. வேலைக்கு வினை இல்லாம முடிச்சுக் குடுத்தீங்களே, அது போதுமுங்க."

உள்ளே சின்னத்தாயி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கதவுப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் லைட்டைப் போட்டாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, மிச்சமிருந்த பொந்துக்குள் பல்பு மஞ்சளாகத் தெரிந்தது. ஐயாசாமி கடைசிக் கல்லின் நாலு பக்கமும் கலவை பூசி அதில் வைத்து, கரணைப் பிடியால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார்.